என் அண்ணன் தலையில் இருந்த நாட்டுக் கடன்

முதலாளி எங்கள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பதினோரு வருடம் என் அண்ணன் தறிக்குழியில் கால் வைத்து மிதித்து மிதித்துக் கழித்த முன்பணம் அந்தக் கோட்டோடு முடிந்தது.

முன்பணம் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆரணியில் எங்களைப் போன்ற பட்டுத் தறி வீடுகளுக்கு முதலாளிதான் நூலும் ஜரிகையும் கொடுப்பார். சேலை நெய்து கொடுத்தால் கூலி. கல்யாணம், வைத்தியம் என்று வந்தால் மொத்தமாக ஒரு தொகையும் கொடுப்பார். அது தீரும் வரை வேறு யாருக்கும் நெய்ய முடியாது. நெய்கிற ஆள் செத்துப்போனாலும் தொகை அப்படியே நிற்கும். அடுத்து அந்தத் தறியில் யார் உட்காருகிறார்களோ அவர் பேருக்கு மாறும்.

எங்கள் அப்பா இறந்தபோது அப்படித்தான் மாறியது. காரியம் முடிந்த மறுநாள் முதலாளி வந்து நோட்டைக் கேட்டு வாங்கினார். அப்பா பேரை அடித்துவிட்டு அண்ணன் பேரை எழுதினார். பேர் மாறியதே தவிர எண் மாறவில்லை. அண்ணனுக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூட டிராயர் போட்டிருந்தான்.

"அப்பா இத எதுக்கு வாங்கினாருங்க?" என்று கேட்டான்.

"அது உங்கப்பனுக்குத்தான் தெரியும்" என்றார் முதலாளி. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் உண்மையிலேயே ஞாபகமில்லை.

அம்மாவுக்கும் சரியாகத் தெரியாது. எதற்கு வாங்கியது என்று தெரியாத ஒன்றைத்தான் அண்ணன் பதினோரு வருடம் நெய்து கழித்தான். அதனால்தான் கோடு விழுந்த அன்று அப்படி ஒரு கூத்து அடித்தான். முதலாளி வீட்டிலிருந்து எங்கள் தெரு வரை நோட்டைத் தலையில் வைத்துக்கொண்டே நடந்து வந்தான். பின்னால் நான், கையில் அரைக் கிலோ ஜாங்கிரியோடு.

எதிர்வீட்டு மாமாவும் தறிக்காரர். வாயைத் திறந்தால் கிண்டல்தான். "இன்னாடா, நோட்ட தலையில வெச்சிகினு வர? பரீட்சையில பாஸா?" என்றார்.

"ஆமா மாமா. பதினோரு வருசம் ஒரே கிளாஸு. இன்னிக்குத்தான் பாஸ் பண்ணேன்."

வீட்டுக்குள் வந்ததும் அண்ணி முன்னால் தலையைக் குனிந்து நின்றான். அண்ணிக்கு அப்போது நாலு மாதம். "தோ, தொட்டுப் பாரு. இந்தத் தலையில இனிமே ஒரு பைசா கடன் கெடையாது."

அண்ணி தொட்டுப் பார்த்தாள். "கடன் இல்லங்க. எண்ணெதான் நெறைய கீது."

மிச்சம் கிடந்த ஜரிகையால் அந்த நோட்டைத் தறிக் காலில் கட்டித் தொங்கவிட்டான். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோருக்கும் கோட்டைக் காட்டினான்.

அந்தச் சந்தோஷம் பத்து நாள் கூட நிலைக்கவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது டிவியில் செய்தி ஓடியது. நாட்டின் கடன் ஏறிக்கொண்டே போகிறது, பங்கு போட்டால் ஒவ்வொரு இந்தியன் தலையிலும் இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார்கள். தொகை எனக்கு ஞாபகமில்லை. அதற்குப் பிறகு சேனல் சேனலாகக் கேட்டிருக்கிறேன், ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். ஆனால் அண்ணன் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"ஏய் பாப்பா. நான் எங்க வாங்கினேன்?"

"நீ வாங்கலண்ணா. கவர்மெண்டு வாங்குது."

"அப்ப அது தலையில போட வேண்டியதுதான? என் தலைய ஏன் இழுக்கறான்? நான்தான் அடச்சிட்டனே!"

"டிவிக்காரன் சொன்னான்னு சோத்த வெச்சிகினு உக்காந்துகினு கீறான் பாரு. துன்றா" என்றாள் அம்மா.

அவன் அண்ணியின் வயிற்றைப் பார்த்தான். "இதுக்கும் சேத்துத்தான் சொல்றானா?"

"இன்னும் பேரே வெக்கல. யார் பேர்லங்க எழுதுவாங்க?" என்று அண்ணி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அப்பனுடைய எண்ணைச் சுமந்தவன் அவன். பேர் வைக்காத பிள்ளைக்கும் ஒரு எண் காத்திருக்கிறது என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து பார்க்கிறவர்களையெல்லாம் கேட்க ஆரம்பித்தான். டீக்கடையில் கேட்டான், அரிசி மில் கணக்குப் பிள்ளையைக் கேட்டான், பேங்கில் பணம் எடுக்கப் போனபோது கேஷியரையும் கேட்டான். யார் வாங்கினார்கள், எதற்கு வாங்கினார்கள், யார் கட்டுவார்கள்? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். டீக்கடையில் அவனுக்குப் பேரே வைத்துவிட்டார்கள்.

"தோ வராரு பாரு நாட்டுக் கடனு! ஜல்தியா கட்டிட்டு வாப்பா, டெல்லில பேஜார் ஆயிகினு கீறாங்க."

அவன் கோபப்பட மாட்டான். டீயைக் குடித்துவிட்டு மறுபடி அதையே கேட்பான்.

ஒரு நாள் நாங்கள் இருவரும் பாவு பிணைத்துக்கொண்டிருந்தோம். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீர்ந்து போவதற்கு முன்பே, அதன் ஒவ்வொரு இழை முனையோடும் புதுப் பாவின் இழை ஒன்றைத் திருகிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விரலில் சாம்பல் தொட்டுத் தொட்டுத் திருகுவோம். அண்ணன் திடீரென்று நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"இதேதான் பாப்பா. அந்த கேஷியர் சொன்னாரே, பழைய கடன கட்டறதுக்குப் புதுக் கடன் வாங்கறாங்கன்னு. பழசு முடியல, அதுக்குள்ள புதுசு சேத்தாச்சி. தறி என்னிக்கும் காலியே ஆவாது."

"காலி ஆவாத தறிதானண்ணா சோறு போடுது?"

யோசித்தான். என் பேச்சை யோசித்துப் பார்க்கிற ஒரே ஆள் அவன்தான். எட்டாவதோடு நின்றவள் என்று மற்றவர்கள் நான் வாய் திறப்பதற்கு முன்பே சரி சரி என்பார்கள்.

"சேல வந்தா நீ சொல்றது சரி" என்றான். "சேலையே வராம பாவு மட்டும் ஓடிகினு இருந்தா? அதான் எதுக்குன்னு கேக்கறேன். வாங்கறது தப்புன்னு நான் சொல்லல. எதுக்குன்னு சொல்லிட்டு வாங்கு. எனக்கு ஒருத்தனும் சொல்லல. என் புள்ளைக்காவது சொல்லணும்."

அண்ணிக்கு ஆறாம் மாதம் நடந்தபோது புளிச்சகீரைத் தொக்கு மேல் ஆசை வந்தது, அதுவும் அவள் அம்மா கையால் செய்தது. அண்ணியின் ஊர் தெள்ளார் பக்கம். அண்ணன் பைக் எடுத்துக்கொண்டு போனான். திரும்பும்போது மழை. வழியில் வண்டி சறுக்கிவிட்டது. தொக்கு இருந்த தூக்குவாளி மூடி கூடத் திறக்காமல் வீடு வந்து சேர்ந்தது. அவன் வரவில்லை.

இதைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியவில்லை. அந்தத் தூக்கை யாரும் தொடவில்லை. ஏழாம் நாள் அண்ணி அதை எடுத்து, சோற்றில் பிசைந்து, முழுக்கச் சாப்பிட்டாள். "கொழந்தைக்கு வாங்கியாந்தாரு" என்று மட்டும் சொன்னாள்.

இறப்புச் சான்றிதழ் வாங்க நான்தான் நகராட்சி அலுவலகம் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு மேடம், முப்பது வயது இருக்கும். காகிதத்தை வாங்கிப் பார்த்தார், எழுதினார், முத்திரை குத்தினார். "வேற ஏதாவது இருக்காம்மா?" என்றார்.

இருந்தது. நாலைந்து நாளாக மனதில் அரித்துக்கொண்டிருந்தது. அப்பா காரியம் முடிந்த மறுநாளே அவர் எண் அண்ணன் பேருக்கு மாறியதைப் பார்த்தவள் நான். தறியில் இனி எதுவும் இல்லை, கோடு போட்டாகிவிட்டது. ஆனால் டிவியில் சொன்னார்களே, அது?

"எங்க அண்ணன் தலையில ஒரு நாட்டுக் கடன் இருந்துதுங்க. அது இனிமே யார் பேருக்கு மாறும்? அண்ணி பேருக்கா, பொறக்கப் போற கொழந்த பேருக்கா?"

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "சார், இந்தப் பொண்ணு கேக்கறதக் கேளுங்களேன்" என்றார். அவரும் சிரித்தார். என்ன சொல்வது, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வெளியே வந்து சைக்கிள்கள் நிற்கிற இடத்தில் உட்கார்ந்து, சான்றிதழ் நனையாமல் தூரப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஊர் சின்னது. நான் வீட்டுக்கு வருவதற்குள் விஷயம் தெருவுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு மாமா, "இன்னா பாப்பா, உங்கண்ணன் பட்டத்த உனக்கு மாத்திட்டாங்களாமே?" என்றார். அவருக்கு அது துக்கம் விசாரிக்கிற மாதிரி. என்னால்தான் தாங்க முடியவில்லை.

அண்ணியிடம் நடந்ததைச் சொன்னேன். அவளாவது சிரிக்காமல் இருப்பாளா என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கேட்டியே, அதுக்கு பதில் இன்னா சொன்னாங்க?"

"பதில் எங்க சொன்னாங்க. சிரிச்சாங்க."

"அப்ப அவர் கேட்டது இன்னும் அப்படியேதான கீது" என்றாள். வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள். "இது பொறக்கறதுக்குள்ள யாராவது பதில் சொல்லணும் பாப்பா. பெரிசான உடனே அப்பா இன்னா கேட்டாருன்னு கேக்கும். சிரிச்சாங்கன்னா சொல்றது?"

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நெய்துகொண்டே இருப்பேன், மனம் அங்கேயே போய் நிற்கும். குழந்தை பிறக்க இன்னும் ஒன்றரை மாதம்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து சொன்னார்கள். எங்கள் தெருவுக்குக் கழிவுநீர்க் கால்வாய் கட்டப் போகிறார்கள், பஜனைக் கோவில் மண்டபத்தில் பகுதி சபைக் கூட்டம், எல்லோரும் வந்து கருத்துச் சொல்லலாம். அண்ணி, "வா போலாம்" என்றாள். எட்டு மாத வயிற்றோடு அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

மண்டபம் நிறைய எங்கள் தெரு ஆட்கள். மேடையில் கவுன்சிலர் அம்மா, பக்கத்தில் இன்ஜினியர். ஓரத்தில் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார் என்று பார்த்தால், அந்த ஜன்னல் மேடம். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

கால்வாய் எந்தப் பக்கம் போகும், யார் வீட்டு வாசற்படி இடியும் என்று ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. "வேற கேள்வி?" என்றார் இன்ஜினியர். அண்ணி என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

எழுந்துவிட்டேன். "நாட்டுக் கடன் ஏறிகினே போவுதுங்களே, அத யாருங்க கட்டறது?"

மண்டபமே சிரித்தது. டீக்கடை ஆட்கள் பின்னாலிருந்து, "நாட்டுக் கடன் ரெண்டாம் பாகம்" என்றார்கள்.

இன்ஜினியர் சிரிக்காமல் சொன்னார். "அது மத்திய அரசு விஷயம்மா. இங்க கால்வாய் பத்தி மட்டும் கேளுங்க."

அத்தோடு உட்கார்ந்திருப்பேன். ஆனால் அவர் சொன்னதிலேயே எனக்குக் கேள்வி கிடைத்துவிட்டது.

"சரிங்க, டெல்லி கடன டெல்லில கேட்டுக்கறேன். இந்தக் கால்வாய்க்குப் பணம் எங்கிருந்து வருது?"

"கொஞ்சம் மானியம். மிச்சம் லோன்."

"லோன யாரு கட்டுவாங்க?"

"நகராட்சி கட்டும்."

"நகராட்சிக்கு யாரு குடுப்பாங்க?"

"வரிதான்மா. நீங்க எல்லாரும் கட்டற வரி."

"எத்தினி வருசம்?"

"பல வருஷம் ஆகும். இருபது வரைக்கும் கூடப் போகும்."

நான் அண்ணியைக் காட்டினேன். "அப்ப இதுல பாதிய எங்க அண்ணி வயித்துல கீறது கட்டும். நான் கால்வா வேணாம்னு சொல்லல. வேணும்தான், மழ வந்தா தறிக்குழில தண்ணி நிக்குது. எங்க முதலாளி முன்பணம் குடுத்தாருன்னா நோட்டுல எழுதுவாரு. எவ்ளோ குடுத்தாரு, எவ்ளோ கழிஞ்சிச்சி, எவ்ளோ பாக்கின்னு. அந்த நோட்டு எங்க கையில இருக்கும். இதுக்கு எங்க நோட்டு எங்கங்க? எங்க அண்ணன் இததாங்க எல்லாரையும் கேட்டுகினு இருந்தாரு."

யாரும் சிரிக்கவில்லை. அந்த மண்டபத்தில் முன்பணம் வாங்காத வீடு ஒன்றுகூடக் கிடையாது.

முதலில் எழுந்தவர் எதிர்வீட்டு மாமாதான். "எங்கப்பன் வாங்கினத நான் நெய்ஞ்சி கழிச்சேன். நான் வாங்கினது எம்மவன் தலையில. எனக்காவது நோட்டு இருந்துது. இந்தப் பொண்ணு கேக்கறது நாயம்தான?"

"எங்க நோட்டு எங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. டீக்கடைக் குரல்தான். பிறகு பெண்கள் பக்கமிருந்து. பிறகு மொத்தக் கூட்டமும்.

கவுன்சிலர் அம்மா கையைத் தூக்கினார். "கத்தாதீங்க, கத்தாதீங்க. ஏம்மா, உனக்கு இன்னா வேணும்? அதச் சொல்லு."

"தெரு முனையில ஒரு போர்டு வெக்கணும்ங்க. எதுக்கு வாங்கினது, எவ்ளோ, வட்டி எவ்ளோ, எந்த வருசம் முடியும், இன்னும் பாக்கி எவ்ளோ. வருசா வருசம் அழிச்சி எழுதணும்."

"இவ்ளோதானா? எழுதிக்கோங்க" என்று ஜன்னல் மேடத்திடம் சொன்னார்.

மேடம் பேனாவை எடுத்தார். என்னைப் பார்த்து, "இன்னொரு தடவ சொல்லும்மா, நிதானமா" என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொள்வது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எதற்கு என்று எழுதினார். எவ்வளவு என்று எழுதினார். வட்டியை விட்டுவிடப் பார்த்தார், நான் விடவில்லை. கூட்டம் கை தூக்கியது. அண்ணி இரண்டு கையையும் தூக்கினாள்.

"உங்களுக்கு ஒரு ஓட்டுதான்மா" என்றார் இன்ஜினியர்.

"ரெண்டு பேருங்க நாங்க" என்றாள் அண்ணி.

மண்டபம் மறுபடி சிரித்தது, ஆனால் அது வேறு மாதிரிச் சிரிப்பு. அண்ணன் செத்த பிறகு அண்ணி பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னல் மேடம் வந்தார். "அன்னிக்கு நான் சிரிச்சது தப்புமா. வீட்டுக்குப் போய்த்தான் உறைச்சுது. எங்கப்பா வாங்கின வீட்டு லோன இப்ப நான்தான் கட்டிகினு இருக்கேன்." பிறகு அண்ணியைப் பார்த்துச் சொன்னார். "நாட்டுக் கடன ஆள் பேர்ல எழுத மாட்டாங்க. மொத்தத்த ஜனத்தொகையால பங்கு போட்டுச் சொல்றதுதான் அது. நாம வாங்கற பொருள்ல, கட்டற வரியில அது கொஞ்சம் கொஞ்சமாப் போகும். எல்லாரும் சேந்து கட்டறது. உங்க வீட்டுக்காரர் பேர்ல ஒண்ணும் இல்ல. அவர் யாருக்கும் பாக்கி இல்ல."

அண்ணி தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும் தறிக் காலில் தொங்கிய நோட்டைத் தொட்டு, "யாருக்கும் பாக்கி இல்லையாம்" என்று அதனிடம் சொன்னாள்.

எனக்குப் பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். பழைய கடனுக்குப் புதுக் கடன் என்கிற அந்தப் பாவு எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சேலை வருகிறதா என்று எங்கள் தெருவிலிருந்து தெரியாது. டிவியில் கடன் என்றால் இப்போதும் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறேன். ஆனால் முன்பு கேட்டது பயந்துகொண்டு. இப்போது எதற்கு என்று சொல்கிறார்களா என்று பார்க்கிறேன்.

குழந்தை பிறந்தது. பெண். அவளுக்குத் தலை நின்ற பிறகுதான் போர்டு வந்தது. அதற்குள் நான் எட்டு தடவை அலுவலகம் போயிருந்தேன். நீல போர்டு, வெள்ளை எழுத்து. எதற்கு, எவ்வளவு, எந்த வருடம் முடியும் எல்லாம் இருந்தது. வட்டி மட்டும் இல்லை. ஒன்பதாவது தடவை போனேன். மறுநாள் பெயின்டர் ஏணியோடு வந்து வட்டியையும் எழுதினார். டீக்கடை ஆட்கள் கிளாஸோடு வந்து நின்று, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து, போர்டு வாங்க எப்படி மனு எழுதுவது என்று என்னைக் கேட்டார்கள். என்னை!

அன்று சாயங்காலம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போர்டுக்கு முன்னால் நின்றேன். அம்மாவும் அண்ணியும் கூட வந்தார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாக வாசித்தேன். குழந்தை என் ஜடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அவன் இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்பான்?" என்றாள் அம்மா, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அண்ணி போர்டின் கடைசி வரியை இன்னொரு தடவை பார்த்தாள்.

"வட்டி ஜாஸ்தின்னு சொல்லியிருப்பாரு" என்றாள்.

மூன்று பேரும் நடுத்தெருவில் நின்று சிரித்தோம். மறுநாள் காலை அந்த வட்டியைப் பற்றிக் கேட்கப் பத்தாவது தடவையாக நான் அலுவலகம் போனேன். ஜன்னல் மேடம் என்னைப் பார்த்ததுமே நாற்காலியைக் காட்டி, "உக்காரும்மா, இன்னிக்கு இன்னா?" என்றார்.